அடிப்படை உறுப்பினர் உட்பட

14

"ஒரு பேரியக்கத்தின் வரலாற்றைத் தலைவன் நடந்து எழுதுகிறான். அந்த வரலாற்றுக்கு மூச்சுக் கொடுப்பவனோ தகவல் தொடர்பு இயக்குநர். அவன் பேனா உறங்கினால் நாடே உறங்கிவிடும்."

அனைத்திந்திய தென்பொதிகை மக்கள் பேரெழுச்சிக் கழகத்தின் பத்தாம் ஆண்டு மலரில், ஏழாம் பக்கத்தில், கட்டம் கட்டிய இந்த வரிகளை இன்றும் காணலாம். எழுதியவர் கழகத்தின் மாநிலத் தகவல் தொடர்பு இயக்குநர் லிங்கேஸ்வரன். யாரைப் பற்றி எழுதினார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வியாழக்கிழமை காலை, வரலாற்றுக்கு மூச்சுக் கொடுப்பவர் மேலகரத்தில் தம் வீட்டுக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார்.

"என்னங்க, உள்ள போயி முக்கா மணி நேரம் ஆவுது. இருக்கீயளா, இல்லியா?" நிர்மலாதேவி கதவைத் தட்டினாள்.

"யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"யோசிக்கதுக்கு வாளி எதுக்கு? எனக்குத் துணி அலசணும்."

யோசிக்க விஷயம் இருந்தது. குளங்களைத் தூர்வாரக் கோரி, 'அவரவர் இல்லத்தில் அறப்போர்' என்று செவ்வாய்க்கிழமை ஒருநாள் உண்ணாவிரதம் அறிவித்தது கழகம். பந்தல் வேண்டாம், மைக் வேண்டாம், ஆள் திரட்ட வேண்டாம். எத்தனை பேர் பட்டினி கிடந்தார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. லிங்கேஸ்வரனின் யோசனைதான். அன்று காலை அவர் வெளியிட்ட அறிக்கை இப்படி முடிந்தது: "விடிந்தது முதல் ஒரு துளி நீரும் அருந்தாமல், தென்காசியில் தமது இல்லத்தில் உறுதியோடு அமர்ந்திருக்கிறார் பொதிகைச் செம்மல்."

பொதிகைச் செம்மல் எனப்படும் கழகத் தலைவர் சுடலைமணி அதே நேரத்தில் ஐந்தருவியில் நின்றுகொண்டிருந்தார். சீசனின் முதல் சாரல் விழுந்த நாள். உச்சியில் எண்ணெய் வைத்து அருவியில் நிற்காவிட்டால் அவருக்கு வருஷம் பிறந்த மாதிரியே இருக்காது. யாரோ வெளியூர்க்காரர் படம் எடுத்துப் போட்டுவிட்டார். படத்தில் தலைவர் அண்ணாந்து வாயைத் திறந்திருந்தார். ஐந்தருவியில் ஒரு கிளை நேராக அந்த வாய்க்குள் விழுந்தது. இடது கையை மட்டும் அருவிக்கு வெளியே நீட்டியிருந்தார். அந்தக் கையில், நனைந்துவிடக் கூடாதென்று, ஒரு மிளகாய் பஜ்ஜி.

புதன்கிழமை அதைப் பார்க்காத கண் தென்காசி மாவட்டத்தில் இல்லை.

இவ்வளவும் ஒரு கட்சியின் சங்கடம் என்றால் லிங்கேஸ்வரன் வாளியில் உட்கார்ந்திருக்க மாட்டார். வருகிற திங்கட்கிழமை மகள் அபர்ணாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை இசக்கிராஜாவுக்குக் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை. அவனுடைய அப்பா கடற்கரை, கழகத்தின் கீழப்பாவூர் ஒன்றியச் செயலாளர். நிச்சயத்துக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டவர் பொதிகைச் செம்மல். பத்தொன்பது வருட அரசியலில் லிங்கேஸ்வரன் சம்பாதித்தது இந்தச் சம்பந்தம் ஒன்றுதான். அதுவும் ஆடி பிறக்கும் முன் நடந்தாக வேண்டும்.

"அப்பா," கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது அபர்ணாவின் குரல். "உங்க போன் போகலன்னு தலைவர், அம்மாவோட நம்பருக்குப் பேசினாவ. குற்றாலத்துக்கு உடனே வரணுமாம். ஐந்தருவி ரோட்டு லாட்ஜில இருக்காவளாம்."

"கோவமா பேசினாரா?"

"தும்மிக்கிட்டே பேசினாவ. கோவமான்னு தெரியல."

வாளி விடுவிக்கப்பட்டது.

* * *

வீட்டு வாசலில் நிருபர்கள் நின்றதால் தலைவர் குற்றாலத்தில் ஒதுங்கியிருந்தார். லாட்ஜ் அறையில் குரங்குக் குல்லாய் போட்டு, போர்வையைப் போர்த்தி, ஆவி பிடிக்கும் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியில் நிஜக் குரங்கு ஒன்று உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எதுவும் போடாதீர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"வாரும்வே லிங்கம். ஒரு துளி, ஒரு துளின்னு எழுதினீரே. பாத்தீரா?"

"தலைவரே, நீங்க வீட்டுல இருப்பேன்னு சொன்னீய."

"உண்ணாவிரதத்துல குளிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? விரதம்னாலே குளிக்கணும். நீரு சும்மா உண்ணாவிரதம்னு மட்டும் போட்டிருந்தா, தலைவர் புனித நீராடினாருன்னு முடிச்சிருக்கலாம். ஒரு துளின்னு போட்டது யாரு?"

"பஜ்ஜி, தலைவரே..."

"பஜ்ஜியை நான் திங்கல. கையிலதான் வச்சிருந்தேன். படத்தை நல்லாப் பாரும்."

லிங்கேஸ்வரன் படத்தை நாற்பது தடவை பார்த்திருந்தார். கடித்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தது.

தலைவர் ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்: "யாரையாவது நீக்கணும். தலைமைக்குத் தெரியாம அறிக்கை விட்டாருன்னு சொல்லி நீக்குனாத்தான் இது அடங்கும்."

"சரிதான் தலைவரே. தகவல் தொடர்புத் துறையில இருந்து ஒருத்தரை..."

"அந்தத் துறையில நீரு ஒருத்தர்தானவே இருக்கீரு."

உண்மைதான். துறையில் ஆள் அவர் ஒருவரே என்பதால் துறைக் கூட்டங்கள் எப்போதும் குறித்த நேரத்தில் தொடங்கின. தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. அது இப்படி ஓர் ஆபத்தில் கொண்டுவந்து விடும் என்று அவர் நினைத்ததில்லை.

"நானா?"

"ரெண்டே மாசம்வே. அப்புறம் மன்னிப்புக் கடிதம் கொடுத்தாருன்னு சேத்துக்கிடுதேன். உம்ம நன்மைக்குத்தான். இப்ப எழுதும்."

"என்னத்த?"

"நீக்கல் அறிக்கையை. வேற யாரு எழுதுவா? பேனா பிடிக்கத் தெரிஞ்சவன் கட்சியில நீரு ஒருத்தர்தான?"

பத்தொன்பது வருடத்தில் தலைவர் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

லிங்கேஸ்வரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினார். கழகத்தின் கண்ணியத்துக்குக் களங்கம் விளைவித்தமைக்காகவும், தலைமையின் ஒப்புதலின்றித் தன்னிச்சையாகச் செயல்பட்டமைக்காகவும், மேலகரம் திரு. லிங்கேஸ்வரன் அடிப்படை உறுப்பினர் உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் இன்று முதல் நீக்கப்படுகிறார். 'திரு' போடுவதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டார். தாளை நீட்டினார்.

தலைவர் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"கடைசி வரி எங்க?"

"எந்த வரி தலைவரே?"

"நடிக்காதீரும். கட்சிக்காரங்க யாரும் இவரோட தொடர்பு வச்சுக்கிடக் கூடாதுங்க வரி."

லிங்கேஸ்வரன் எழுந்து நின்றார். "தலைவரே, கடற்கரை அண்ணாச்சி நம்ம ஒன்றியச் செயலாளர். திங்கக்கிழமை நிச்சயம். நீங்கதான் தலைமை. அந்த வரி வந்தா அவங்க வீட்டுல எப்படி வருவாவ? அந்த ஒரு வரியை மட்டும் விட்டுருங்க. மத்தது எம்புட்டு வேணும்னாலும் திட்டி எழுதுதேன்."

"அந்த வரி இல்லாம இது நீக்கமே இல்ல. ஊரு நம்பாது. மூணு வருஷத்துக்கு முன்னால செங்கோட்டை நகரச் செயலாளரை நீக்கும்போது இதை எனக்குச் சொல்லித் தந்தது யாரு?"

சொல்லித் தந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நீக்கப்பட்ட அந்த மனிதர் தம் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு உட்காரக் கூட முடியாமல் கார் ஷெட்டில் நின்றாராம். அப்போது லிங்கேஸ்வரன் அதைக் கேட்டுச் சிரித்திருந்தார்.

"மகளுக்கு வாழ்க்கை தலைவரே."

"ரெண்டு மாசம்தானவே. ஆடி போயி ஆவணியில வச்சுக்கிடும். நானே வந்து தலைமை தாங்குதேன்."

ஆவணி வரை கடற்கரை வீட்டில் காத்திருக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கடற்கரையின் தங்கைக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

லிங்கேஸ்வரன் மறுபடி உட்கார்ந்தார். 'கழகத்தினர் எவரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது' என்று எழுதினார். வாய்க்குள் படித்துப் பார்த்தார். வரி நொண்டியது. முன்னால் இரண்டு பத்திகள் கம்பீரமாக நடந்து வந்திருக்க, கடைசியில் இப்படிச் சப்பென்று முடிந்தால் யார் எழுதியது என்று கேட்பார்கள். 'அரசியல் களத்திலோ, பொது நிகழ்ச்சிகளிலோ' என்று சேர்த்தார். இப்போதும் ஒரு கால் குறைந்தது. மூன்றாவதாக ஒன்று வேண்டும். மூன்றில்தான் ஓசை நிற்கும். பத்தொன்பது வருட அனுபவம் அது. கை தானாக எழுதியது: 'இல்ல விழாக்களிலோ.'

தலைவர் வாங்கிப் படித்தார். குல்லாயைக் கழற்றினார்.

"அடடா. இதுக்குத்தான்வே நீரு வேணும்ங்குது."

* * *

தென்காசியில் ஜுஹைனாவின் கம்ப்யூட்டர் சென்டரில்தான் கழகத்தின் அறிக்கைகள் பிறக்கும். கடிதத் தாள் வடிவம், தலைவரின் கையெழுத்துப் படம், நிருபர்களின் வாட்ஸ்அப் குழு எல்லாம் அவளுடைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன. கழகத் தலைமையகம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், நேர்மையான பதில் அந்தக் கம்ப்யூட்டர்தான்.

அவள் கையெழுத்தைப் பார்த்து வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தாள். பாதியில் நின்றாள்.

"அண்ணாச்சி, மேலகரத்துல வேற லிங்கேஸ்வரன் இருக்காங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இது நீங்கல்லா?"

"டைப் பண்ணும்மா."

"நீங்களே உங்கள நீக்குதீயளா?"

"தலைமை நீக்குது. நான் எழுதுதேன். ரெண்டும் வேற வேற."

ஜுஹைனா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "உக்காருங்க அண்ணாச்சி. தண்ணி குடிக்கீயளா?" என்றவள், தண்ணீர் என்ற சொல் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று தோன்றவும் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

தட்டி முடித்ததும் திரையைக் காட்டினாள். "ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போவுது. இந்த 'இல்ல விழாக்களிலோ'வை எடுத்துட்டா ஒரே பக்கத்துல நின்னுரும். எடுக்கட்டா?"

"எடுத்தா ஓசை கெட்டுரும்மா."

"அப்ப எழுத்தைச் சின்னதாக்குதேன்."

சின்னதாக்கினாள். அடக்கமாக, ஒரே பக்கத்தில், கையெழுத்தோடு, அச்சடித்த மாதிரி நின்றது அறிக்கை. லிங்கேஸ்வரன் அதைத் தூரத்தில் வைத்து ரசிப்பது போலப் பார்த்தார். அப்புறம்தான் அந்த மூன்று சொற்களில் கடைசிச் சொல், ஓசையை எல்லாம் உதறிவிட்டு, வெறும் அர்த்தத்தோடு அவர் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை. பந்தல். மகள்.

"எடுத்துரும்மா. அந்தச் சொல்லை எடுத்துரு."

"நிருபர்கள் குரூப்புக்குப் போயிருச்சே அண்ணாச்சி," என்றாள் ஜுஹைனா.

* * *

அவர் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. முன்னறையில் தையல் மிஷினுக்கு முன்னால் நிர்மலாதேவி உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. மேலகரத்தில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிறவள் அவள். அளவு கொடுக்க வந்தவள் ஒருத்தி அறிக்கையைக் காட்டிவிட்டு, அளவு கொடுக்காமலே போயிருந்தாள்.

"ஒரு காப்பி போடு."

"போடலாமான்னு தெரியலியே."

"என்னது?"

"போன வருஷம் ஆயிரம் உறுப்பினர் சேக்கணும்னு சொல்லி, ஆளு பத்தலன்னு என் பேரையும் பிள்ளை பேரையும் எழுதினீயளே, மறந்துட்டீயளா? நான் மகளிரணி துணைச் செயலாளர். பிள்ளை இளைஞரணி. எவ்விதத் தொடர்பும் கூடாதுன்னு தலைவர் கையெழுத்துப் போட்டிருக்காவ. காப்பி தொடர்புல வருமா வராதா, இயக்குநர்தான் சொல்லணும்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நிர்மலா, ரெண்டு மாசத்துல..."

"பத்தொன்பது வருஷமா ரெண்டு மாசந்தான். வட்டச் செயலாளர் பதவி வரும், ரெண்டு மாசம். வாரியத்துல போடுவாவ, ரெண்டு மாசம். நான் எதுவும் கேட்டேனா? பிள்ளை கழுத்துல ஒண்ணு ஏறட்டும்னுதான இருந்தேன்."

அவர் காப்பியை மறந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அபர்ணா நாலு மணிக்கே வந்துவிட்டாள். தென்காசியில் கண்ணாடிக் கடையில் வேலை; ஏழு மணிக்கு முன்னால் வருகிறவள் இல்லை. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அப்பாவைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவர் சாப்பிட்டிருக்கவில்லை. உண்ணாவிரதத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த கழகத்தவர் அந்த வாரத்தில் அவர் ஒருவரே.

அப்போது நிர்மலாதேவியின் கைப்பேசி அடித்தது. கடற்கரையின் மனைவி நம்பர். மூவரும் அதைப் பார்த்தார்கள். நிர்மலாதேவி எடுத்து, கேட்டு, கணவரிடம் நீட்டினாள். "அவங்க இல்ல. அண்ணாச்சிதான் பேசுதாவ."

"சம்பந்தி," என்றது கடற்கரையின் குரல், மெதுவாக. "இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது இப்ப. என் நம்பர்ல கூப்பிட்டா தப்பாயிரும்னு வீட்டுக்காரி நம்பர்ல கூப்பிடுதேன். நல்லாயிருக்கீயளா?"

"அண்ணாச்சி, இது ரெண்டு மாசத்துக்குத்தான். தலைவரே சொன்னாவ."

"எனக்குத் தெரியாதா? பொதுவா தொடர்பு கூடாதுன்னு மட்டும் போட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். பந்தல்ல வந்து ஓரமா நின்னுருப்பேன். அதான் தெளிவா இல்ல விழான்னு போட்டுட்டாவளே. எந்தப் படுபாவி எழுதினானோ."

லிங்கேஸ்வரன் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"உள்ளாட்சித் தேர்தல் வருது சம்பந்தி. மாவட்டப் பொறுப்பு எனக்குத்தான்னு பேச்சு. இந்த நேரத்துல நான் மீறினேன்னா என்னையும் தூக்கிருவாவ. மனசு கேக்கல. ஆனா நிச்சயத்த நிறுத்திருதேன்."

"பிள்ளைக ரெண்டும் பேசிப் பழகிட்டுதுகளே அண்ணாச்சி."

"அதான் வேதனை." கடற்கரை இரண்டு தடவை இருமினார். "அதுல ஒரு உதவி. ஊரு பூரா அழைப்பு வச்சாச்சு. நிறுத்துனதை முறையா ஒரு அறிக்கையாப் போட்டா தலைவருக்கும் நல்லாத் தெரியும். தலைமையின் முடிவை ஏத்துக்கிட்டுன்னு ஆரம்பிச்சு... எனக்கு எழுத வராதுன்னு உங்களுக்குத் தெரியுமே. இதுவரைக்கும் நீங்கதான எழுதித் தந்திருக்கீய."

லிங்கேஸ்வரன் மறுத்திருக்கலாம். திட்டியிருக்கலாம். கைப்பேசியைச் சுவரில் எறிந்திருக்கலாம். அது மனைவியுடையது என்பதால் யோசித்திருக்கலாம். மகள் எதிரில் நிற்கிறாள் என்பதையாவது நினைத்திருக்கலாம்.

"எத்தனை வரி அண்ணாச்சி?" என்று கேட்டார்.

தையல் மேஜையில் கிடந்த அளவு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தார். மார்பு முப்பத்தாறு, கை ஒன்பதரை என்று யாருடைய அளவோ எழுதியிருந்த தாளின் பின்புறத்தில் எழுதினார். 'கட்சியா, குடும்பமா என்ற கேள்வி எழும்போது' என்று தொடங்கினார். 'சொந்தமா' என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். 'கனத்த இதயத்தோடு' என்று எழுதும்போது அவர் கண்ணில் நீர் முட்டியது. அது வரியின் அழகாலா, வேறு எதனாலா என்று அவருக்கே தெரியவில்லை. எழுதியதைப் படம் எடுத்து, கடற்கரையின் மனைவி நம்பருக்கு அனுப்பினார்.

நிர்மலாதேவி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் எதுவும் உருட்டுகிற சத்தம் வரவில்லை.

ஐந்தரை மணிக்கு அறிக்கை முகநூலில் வந்தது. மேலே கடற்கரை வெள்ளைச் சட்டையில் கும்பிடுகிற படம். பின்னால் பொதிகைச் செம்மல், அருவி இல்லாத பழைய படம். அபர்ணா அதைத் தன் கைப்பேசியில் முழுக்கப் படித்தாள்.

"இது நீங்க எழுதினதுதான?"

"நீதான் பாத்துக்கிட்டு நின்னியே."

"பாக்காட்டாலும் தெரிஞ்சிருக்கும்பா. கனத்த இதயம்னு கடற்கரை மாமா பேச மாட்டாவ. அவுக வருத்தமா இருந்தா இருமுவாவ, அவ்வளவுதான்." அவள் குரல் உயரவில்லை. "இசக்கிராஜாவுக்கு இது தெரியுமா? அவனுக்கு ஷிப்டு. ஆறு மணிக்குத்தான் போன் பாப்பான்."

"பிள்ளே, ஆவணியில..."

"என் உறுப்பினர் அட்டை எங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"எங்கன இருக்கு?"

மேஜை இழுப்பறையைக் காட்டினார். அவள் அட்டையை எடுத்து, அதில் இருந்த தன் படத்தையும் தலைவரின் கையெழுத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுடிதார் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"ஏட்டி, எங்க போற?" அடுப்படியிலிருந்து நிர்மலாதேவி ஓடி வந்தாள். "சாரல் அடிக்குது, எங்க போற?"

"நானும் கட்சிக்காரிதானம்மா. அப்பாவோட தொடர்பு கூடாதுல்லா." ஸ்கூட்டர் தென்காசி ரோட்டில் திரும்பியது. அந்த ரோட்டில் கண்ணாடிக் கடையும் இருக்கிறது, கோயம்புத்தூர் பஸ் ஏறுகிற இடமும் இருக்கிறது, அதையும் தாண்டிப் போனால் கீழப்பாவூரும் இருக்கிறது. நிர்மலாதேவி வாசலில் நனைந்துகொண்டே நின்றாள்.

"போயி பாருங்களேன்," என்றாள் திரும்பாமலே.

லிங்கேஸ்வரன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கையில் கைப்பேசி இருந்தது.

கடற்கரையின் அறிக்கைக்கு ஆறு மணிக்குள் நூற்றுப் பதினேழு லைக் விழுந்திருந்தது. முதல் லைக் லிங்கேஸ்வரனுடையது.